நூறு புளியங்கொட்டைக்கு ஒரு சைக்கிள்

ஆபீஸில் என் வயதை ஒட்டிய மூன்று பேர் சமீபத்தில் மூணு சீட்டு ஆடப் பழகியிருக்கிறார்கள். சாப்பாட்டு நேரத்தில் என் மேஜையைச் சுற்றி நின்றுகொண்டு, "சின்ன ஆட்டத்துல கையைக் கடிக்காம நாலு காசு பாக்கறது எப்படி சார்? நீங்கதான் பழைய ஆளு" என்று கேட்கிறார்கள். நான் பழைய ஆள் என்பது உண்மை. நாலு காசு பார்த்தவன் என்று அவர்களுக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை. நான் சீட்டாடிச் சம்பாதித்தது மொத்தமும் ஒரு சைக்கிள் நஷ்டம். அதுவும் என் சைக்கிள் இல்லை.

ஆனாலும் கேட்டுவிட்டார்கள். வழுக்கி விழுந்தவனுக்குத்தானே பாசி எங்கே இருக்கிறது என்று தெரியும். ஆகவே எழுதுகிறேன்.

நயா பைசா வந்தும் எல்லோரும் அணாக் கணக்கிலேயே பேசிக்கொண்டிருந்த காலம். நான் ஸ்ரீரங்கத்தில் வாடகைக்குக் குடியிருந்தேன். உறையூரில் ஒரு விறகுவாடி. அதன் பின்பக்கம், சவுக்கு அடுக்குகளுக்கும் எடைத் தராசுக்கும் நடுவில் ஒரு கோணிச் சாக்கு விரித்திருக்கும். சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு நான்கு பேர் அதைச் சுற்றி உட்காருவோம். வாடியின் சொந்தக்காரர் ஒருவர். அவரை நாங்கள் அண்ணே என்போம். வெற்றிலை மண்டி வைத்திருந்த பாய் ஒருவர். பள்ளிக்கூடத்தில் படம் வரையச் சொல்லிக்கொடுக்கும் டிராயிங் மாஸ்டர் ஒருவர். அவர் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போவார், சனி தவறாமல் இங்கே வருவார். நான்காவது நான்.

ஆட்டம் எளிது. ஆளுக்கு மூன்று சீட்டு. நம் சீட்டின் மேல் நம்பிக்கை இருந்தால் நடுவில் பந்தயம் போட்டுக்கொண்டே போகலாம். இல்லாவிட்டால் கவிழ்த்துவிட்டுச் சும்மா இருக்கலாம். கடைசியில் இரண்டு பேர் மிஞ்சினால் திறந்து காட்ட வேண்டும், பெரிய சீட்டு ஜெயிக்கும். மற்ற எல்லோரும் பயந்து கவிழ்த்துவிட்டால் எதையும் காட்டத் தேவையில்லை. கையில் குப்பையை வைத்துக்கொண்டு ராஜா மாதிரி உட்காரத் தெரிந்தவனுக்கான ஆட்டம் இது. எனக்கு, கையில் ராஜாவை வைத்துக்கொண்டே குப்பை மாதிரி உட்காரத்தான் தெரியும்.

பந்தயம் காசில் இல்லை, புளியங்கொட்டையில். வாடிக்காரர் ஒரு பித்தளைச் சொம்பு நிறைய வைத்திருப்பார். தாயம் ஆடுவதற்குத் தேய்ப்பதுபோல ஒவ்வொரு கொட்டையையும் ஒரு பக்கம் வெள்ளையாகத் தேய்த்திருப்பார். கொட்டை ஓரணா. ஒவ்வொரு கைக்கும் முதலில் ஆளுக்கு ஒன்று நடுவில் விழ வேண்டும். ஒரு நாளைக்கு ஓர் ஆளுக்கு இருபதுக்கு மேல் விற்க மாட்டார். இருபதும் போனால் எழுந்து வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நல்ல சட்டம். குடும்பஸ்தர்களைக் காப்பாற்றுகிற சட்டம்.

இன்னொரு சட்டமும் இருந்தது. பிடிவாதமாக மேலும் ஆடியே தீருவேன் என்கிறவன் ஏதாவது பொருளை வைக்கலாம். நூறு கொட்டை கிடைக்கும். ஆனால் அந்தப் பொருளைக் காசு கொடுத்துத் திருப்ப முடியாது. ஆடி ஜெயித்த நூறு கொட்டையைக் கொண்டுவந்து வைத்தால்தான் திரும்பும். "கொட்டையில போனது கொட்டையிலதான் வரணும்" என்பார். பொருள் வைப்பவனைப் பயமுறுத்தி விரட்டத்தான் இந்தச் சட்டம். நான்கு வருஷத்தில் யாரும் எதையும் வைத்ததில்லை. நான் வைத்தேன்.

புதிதாக ஆட வருகிறவர்கள் இந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளலாம். தோற்றதை அன்றைக்கே திரும்பப் பிடிக்க வேண்டும் என்று தோன்றும்போது காது மடல் சூடாகும். சூடானால் எழுந்துவிட வேண்டும். அன்று என் காதில் அப்பளம் பொரித்திருக்கலாம். இருபது கொட்டையும் முக்கால் மணி நேரத்தில் போயிருந்தது. தராசில் சாய்த்து வைத்திருந்த சைக்கிளைப் பார்த்தேன்.

"அண்ணே, வண்டிய வெச்சுக்குங்க."

"தம்பி, யோசிச்சுப் பேசு. அது உன் வண்டியா?"

"வீட்டு வண்டிதான்" என்றேன்.

பொய் இல்லை. வீட்டுக்காரியின் அண்ணன் வண்டி.

அந்த மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரயில்வேயில் வேலை. ரயில் வந்து நின்றதும் நீளக் காம்புச் சுத்தியலை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி ஒவ்வொரு சக்கரமாகத் தட்டிக்கொண்டே போவார். சத்தம் கணீரென்று இருந்தால் சக்கரம் நன்றாக இருக்கிறது. கொஞ்சம் மங்கினால் எங்கோ விரிசல். கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் காதால் பிடிக்கிற மனிதர். பேச மாட்டார். சிரிக்கவே மாட்டார். எனக்குப் பெண் தர என் மாமனார் தயங்கியபோது, "முன்ன சீட்டாடினான். விட்டுட்டேங்கறான். நான் பொறுப்பு" என்று இவர் சொன்ன ஒரு வார்த்தையில்தான் என் கல்யாணம் நடந்தது. மெட்ராசில் ஆறு வாரம் பயிற்சி என்று போனவர், சைக்கிளை என்னிடம் விட்டுவிட்டுப் போனார். சீட்டில் மஞ்சள் வெல்வெட் உறை. ஹாண்டிலில் ஆயுத பூஜைக் குங்குமம் அப்படியே இருக்கும். "மழையில விடாத மாப்ளே" என்று மட்டும் சொன்னார். மழையில் விடவில்லை.

நூறு கொட்டையும் ஐந்து மணிக்குள் போய்விட்டது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எல்லாச் சீட்டையும் ஆடினேன், அவ்வளவுதான். காவேரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்துக்கு நடந்தே வந்தேன். வழி முழுக்கக் கைகள் ஹாண்டில் பிடிக்கிற மாதிரியே முன்னால் நீண்டிருந்தன போல. எதிரே வந்த தயிர்க்காரம்மா ஒதுங்கிக்கொண்டாள்.

"வண்டி எங்கங்க?" என்றாள் மனைவி.

"ஓவராயிலுக்கு விட்டிருக்கேன். பால்ரஸ் எல்லாம் கழட்டி எண்ணெய் போடணும்னாங்க. மச்சான் வரப்ப புதுசு மாதிரி இருக்கணும்ல."

"உங்களுக்குக் கூட இதெல்லாம் தோணுதே" என்று சொல்லிவிட்டு அன்று ரசத்தோடு ஒரு அப்பளம் அதிகம் போட்டாள். அந்த அப்பளத்தை நான் தின்ற விதத்தை எந்த எதிரியும் பார்க்கக் கூடாது.

அடுத்த சனிக்கிழமை வாடிக்காரருக்கு வீட்டு விசேஷம், ஆட்டம் இல்லை. அதற்கடுத்த புதன்கிழமை கார்டு வந்தது. மச்சான் எழுத்து, தந்தி மாதிரி: "ஞாயிறு காலை வருகிறேன். ஸ்ரீரங்கத்தில் இறங்குவேன். வண்டியைத் துடைத்து வைக்கவும்." மனைவி வாய்விட்டுப் படித்தாள். எனக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு சனிக்கிழமை. இருபது கொட்டை வாங்கலாம். எண்பது ஜெயிக்க வேண்டும். அங்கே நல்ல நாளிலேயே பத்துக்கு மேல் நான் ஜெயித்ததில்லை.

வியாழக்கிழமை கோயிலுக்குப் போனேன். பெருமாள் படுத்திருந்தார். இந்த விஷயத்துக்காக அவரை எழுப்ப மனம் வரவில்லை. வெள்ளிக்கிழமை ஆபீஸ் விட்டதும் மலைக்கோட்டை ஏறி உச்சிப்பிள்ளையாரிடம் போனேன். அவராவது உட்கார்ந்திருக்கிறார், விழித்திருக்கிறார். நூற்றெட்டுத் தேங்காய் என்று சொன்னேன். இறங்கும்போது அறுபத்துநாலு போதுமே என்று தோன்றியது. இப்படிப் பேரம் பேசுகிற ஆளுக்குப் பிள்ளையார் எப்படி உதவுவார்?

வீட்டில் அந்த வாரம் புளி வந்திருந்தது. மாசி பங்குனியில் வருஷத்துக்கு வேண்டிய புளியை வாங்கிக் காயவைத்து, தட்டி, கொட்டை எடுத்து, உப்புப் போட்டு ஜாடியில் அடைக்கிற வேலை எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உண்டு. என் மனைவி அருவாமணையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றிப் புளியங்கொட்டை மலை மாதிரிக் குவிந்திருந்தது.

நான் நின்று பார்த்தேன். அந்த நிமிஷத்தில் என் முகத்தில் என்ன வெளிச்சம் தெரிந்ததோ, "என்னங்க, உடம்பு சரியில்லையா?" என்றாள்.

சனிக்கிழமை விடிந்ததும் மேல்துண்டில் கொட்டைகளை முடிந்துகொண்டு அம்மா மண்டபம் படித்துறைக்குப் போனேன். காவேரி ஒரு ஓரமாக மெலிந்து ஓடிக்கொண்டிருந்தது. ஜனங்கள் முழுகிக்கொண்டும் மந்திரம் சொல்லிக்கொண்டும் இருந்தார்கள். நான் கடைசிப் படியில் உட்கார்ந்து கொட்டை தேய்த்தேன். ஒரு பக்கம் வெள்ளை வரும்வரை தேய்க்க வேண்டும். ஒரு கொட்டைக்கு நாற்பது தேய்ப்பு. மேலே தேய்த்தால் கைத் தோலும் சேர்ந்து போகிறது. கள்ள நோட்டு அடிக்கிறவர்களுக்கு மிஷின் இருக்கிறது. எனக்குக் கட்டைவிரல்தான்.

ஈர வேஷ்டியோடு ஏறிவந்த ஒரு பெரியவர் நின்றார்.

"என்ன ஸ்வாமி, ஏதாவது பிரார்த்தனையா?"

"ஆமாம்" என்றேன்.

"எத்தனை?"

"அறுபது."

"பலிக்கும். கைங்கரியத்தை நடுவில் நிறுத்தாதேயும்" என்று ஆசீர்வதித்துவிட்டுப் போனார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் திட்டத்துக்குக் கிடைத்த ஒரே ஆதரவு அதுதான்.

ஒன்பது மணிக்கு அறுபது கொட்டை தயார். இரண்டு கட்டைவிரலும் வீங்கியிருந்தன. ஒன்றை மட்டும் செய்யவில்லை. கொட்டைகளைக் கழுவவில்லை. ஈரம் பட்டால் வழுக்கும், தேய்க்க வராது என்று துண்டால் துடைத்ததோடு விட்டேன். தேய்த்து முடித்த பிறகாவது அலசியிருக்கலாம். இரண்டு முழத்துக்கு அந்தப்பக்கம் காவேரி ஓடிக்கொண்டிருந்தது.

அறுபதையும் வெற்றிலைப் பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டு இரண்டு மணிக்கு உறையூர் போய்ச் சேர்ந்தேன். சவுக்கு அடுக்குக்குப் பின்னால் மஞ்சள் வெல்வெட் தெரிந்தது. அதைப் பார்க்காமல் உட்கார்ந்தேன். இருபது கொட்டை வாங்கினேன்.

அன்று நான் ஆடிய முதல் ஒரு மணி நேரம்தான் என் வாழ்க்கையிலேயே ஒழுங்காக ஆடியது. பயம் வந்தால் புத்தி வருகிறது. சீட்டைப் பார்ப்பேன், ஏஸோ ஜோடியோ இல்லாவிட்டால் கவிழ்த்துவிடுவேன். பத்துக் கையில் எட்டைக் கவிழ்த்தேன். எனக்கு முன்னால் பேசுகிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் போட்டேன். யாருக்கும் என் மேல் கோபமில்லை, எனக்கும் யார் மேலும் இல்லை. மூன்றரை மணிக்கு என் முன்னால் முப்பத்தேழு கொட்டை இருந்தது. சின்ன ஆட்டத்தில் லாபம் என்பது இவ்வளவுதான், இப்படித்தான் வரும், எறும்பு மாதிரி. இதை எழுதிக்கொள்ளுங்கள். நான் எழுதிக்கொள்ளவில்லை.

அடுத்த கை. திறந்தால் மூன்று ராணி.

மூன்று ராணி வருஷத்துக்கு ஒருமுறை வரும். என் யோசனை என்னவென்றால்: எனக்குச் சீட்டு மோசமாக இருந்தால் வாய் தானாகத் திறந்துகொண்டு ஜோக் அடிக்கும் என்பது அந்த மூவருக்கும் தெரியும். பல மாசமாகவே தெரியும், எனக்குத்தான் கடைசியில் தெரிந்தது. பதட்டம் வந்தால் நான் பேசுவேன். அதனால்தான் நான் பொய்யாகப் பந்தயம் ஏற்றும்போதெல்லாம் விடாமல் கூடவே வந்து என்னை உரித்தார்கள். சரி, இன்று அதையே திருப்பிப் போடுவோம். நல்ல சீட்டை வைத்துக்கொண்டு ஜோக் அடித்தால், குப்பை என்று நினைத்து மூவரும் பந்தயத்தை ஏற்றுவார்கள். ஒரே கையில் அறுபது கொட்டை.

"பாய், உங்க மண்டி வெத்தலைய எங்க தெருவுல ஆடு கூடத் திங்க மாட்டேங்குது" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. பாய் என்னைப் பார்த்தார். சீட்டைக் கவிழ்த்தார். டிராயிங் மாஸ்டர் கவிழ்த்தார். வாடிக்காரரும் கவிழ்த்தார்.

நடுவில் அவர்கள் போட்டிருந்த மூன்றே மூன்று கொட்டை. ராணிகளைத் திறந்து போட்டேன்.

"எப்படித் தெரிஞ்சுது?" என்றேன்.

"இல்லப்பா" என்றார் பாய், ரொம்ப அன்பாக. "நீ பயந்து அடிக்கிற ஜோக்கு நல்லா இருக்கும். வயித்த வலிக்கச் சிரிப்போம். இது நல்லால்ல. அப்ப பயமில்லேன்னு அர்த்தம்."

"போன மாசம் என் பிள்ளையார் படத்தப் பாத்து ஒண்ணு சொன்னீங்களே சார்" என்றார் டிராயிங் மாஸ்டர். "அன்னிக்கு உங்க கையில என்ன இருந்துது? ரெண்டு, நாலு, ஏழு!"

மூவரும் அதை நினைத்துச் சிரித்தார்கள். என் காது மடல் சூடாயிற்று. எழுந்திருக்க வேண்டும் என்று மேலே சொன்னேன் இல்லையா, அந்த இடம் இதுதான். நான் இன்னும் நெருங்கி உட்கார்ந்தேன்.

அடுத்த கை இரண்டு, ஐந்து, ஒன்பது. ஒன்றுக்கொன்று சொந்தமில்லாத மூன்று சீட்டு. மிரட்டி விரட்டிவிடுவது என்று பத்துக் கொட்டையைத் தூக்கிப் போட்டேன். போட்டதும் பயம் வந்துவிட்டது. வாய் திறந்தது. என்ன சொன்னேன் என்று இன்று நினைவில்லை. எங்கள் மேனேஜர், அவர் மாமியார், ஒரு பலாப்பழம் மூன்றும் அதில் வந்தன. டிராயிங் மாஸ்டர் சாக்கில் புரண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே இன்னும் இருபது ஏற்றினார். நான் பேசிக்கொண்டே போனேன், போட்டுக்கொண்டே போனேன். திறந்தபோது அவர் கையில் ஒரு சாதாரண எட்டு ஜோடி. அது போதுமாயிருந்தது.

நாற்பதும் போயிற்று. நாலு மணி. நாளைக்கு இந்நேரம் மச்சான் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருப்பார்.

வெற்றிலை போடுகிற மாதிரிப் பைக்குள் கைவிட்டேன். அடுத்த கைக்கு என் கொட்டைகள் பத்து நடுவில் விழுந்தன. பார்ப்பதற்கு ஒன்றும் வித்தியாசமில்லை என்று நினைத்தேன். பாய் சீட்டைக் கவிழ்த்து அந்தக் குவியலின் மேல் போட்டார். வாடிக்காரர் அதை எடுத்தார்.

எடுத்த சீட்டோடு ஒரு கொட்டை கூடவே வந்தது. கிளாவர் ராணியின் கன்னத்தில் மச்சம் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. உதறினார். விழவில்லை.

வாடிக்காரர் அதைப் பிய்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவருடைய கொட்டைகள் கைபட்டுக் கறுத்து நாவல்பழ நிறத்தில் இருந்தன. இது எண்ணெய் தேய்த்துக் குளித்தது மாதிரிச் சிவந்து மினுங்கியது. வாயில் போட்டுக்கொண்டார். நாங்கள் மூவரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"புளிக்குது" என்றார்.

கொஞ்ச நேரம் சப்பினார்.

"இந்த வருஷப் புளி."

டிராயிங் மாஸ்டர் சிலுவை போட்டுக்கொண்டார். நான் அப்போதும் ஏதோ ஜோக் சொன்னேன். ரொம்ப நல்ல ஜோக்காக இருந்திருக்க வேண்டும். பாய் சிரித்துவிட்டு உடனே வாயைப் பொத்திக்கொண்டார்.

வாடிக்காரர் அடிக்கவில்லை, திட்டவில்லை. பையைக் கொட்டச் சொன்னார். அறுபதையும் எண்ணச் சொன்னார். நடுவில் கலந்தவற்றை நானே பிரித்து எடுக்க வேண்டும் என்றார். நான் ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். பழையது இந்தப் பக்கம், புதுசு அந்தப் பக்கம். விறகு வாங்க வந்த ஒரு அம்மாள், "என்ன, புளி வியாபாரமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

"இனிமே நீ இங்க சீட்டத் தொடக் கூடாது தம்பி" என்றார் கடைசியில். "வண்டி இங்கயே இருக்கும். விக்க மாட்டேன். கொட்டையில போனது கொட்டையில வரணும். உனக்காக வேற ஒருத்தர் வந்து ஆடினா நான் வேணாங்கல."

எனக்காக ஆட யார் இருக்கிறார்கள்?

ஞாயிறு காலை ஸ்ரீரங்கம் ஸ்டேஷனுக்குப் போனேன். நடைமேடையில் நின்றபோது எங்கேயாவது ஓடிப்போகலாமா என்று யோசித்தேன். பச்சைமலையில் மரவள்ளி போட்டுப் பிழைத்துக்கொள்ளலாம், பஸ் கூட அதிகம் வராது, யாரும் தேட மாட்டார்கள். மரவள்ளியை விதைப்பதா நடுவதா என்று தெரியாத காரணத்தால் நின்றுவிட்டேன்.

ரயில் வந்தது. மச்சான் டிரங்குப் பெட்டியோடு இறங்கினார். இளைத்திருந்தார். என் வாய் திறந்தது.

"என்ன மச்சான் பாதியா வந்திருக்கீங்க? மெட்ராஸ்ல தண்ணிப் பஞ்சம்னாங்க, உங்களையே குடிச்சுட்டாங்களா?"

பெட்டியை வாங்கினேன். கனத்தது.

"இவ்வளவு கனமா இருக்கே, கடலை மடிச்சு உள்ள வெச்சுட்டீங்களா? சமுத்திரத்தைக் காணோம்னு மெட்ராஸ்காரன் பின்னாடியே வந்துடப் போறான்!"

அவர் சிரித்தார். ஆறு வருஷத்தில் முதல்முறை. தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு சிரிப்பு அப்படியே நின்றது. தலையைக் கொஞ்சம் சாய்த்து என்னைப் பார்த்தார். தண்டவாளத்தில் குனிந்து சக்கரத்துக்குக் காது கொடுக்கும்போது அப்படித்தான் சாய்ப்பார்.

"பொண்ணு பாக்க வந்தன்னிக்கு இப்படித்தான் பேசின" என்றார். "வண்டி எங்க மாப்ளே?"

ஸ்டேஷன் வேப்பமரத்தடியில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கொட்டை தேய்த்தது வரைக்கும். முடித்ததும் அவர் பெட்டியை என் கையிலிருந்து வாங்கித் தானே தூக்கிக்கொண்டு நடந்தார். அது நான் எதிர்பார்த்த எந்த அடியை விடவும் பலமாக விழுந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி கேட்டாள். "வண்டி வந்துச்சாண்ணே? இவரு ஓவராயிலுக்கு விட்டிருக்காரே."

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இன்னும் முடியலியாம்" என்றார் மச்சான். "நாளாகும்."

அவர் பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல்.

அடுத்த சனிக்கிழமை அவர் உறையூருக்கு வந்தார். வாழ்க்கையில் சீட்டைத் தொட்டதில்லை. எது பெரியது, எது சின்னது என்று வாடிக்காரர் விரல் விட்டுச் சொல்லிக்கொடுத்தார். இருபது கொட்டை வாங்கி வரிசையாக அடுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். நான் தள்ளி, தராசுத் தட்டில் உட்கார்ந்திருந்தேன். அதிலிருந்து பேசக் கூடாது என்று எனக்கு உத்தரவு.

முதல் பதினான்கு கையையும் கவிழ்த்தார்.

"சார், ஆட வந்தீங்களா, விசிற வந்தீங்களா?" என்றார் டிராயிங் மாஸ்டர்.

"நல்லது வரட்டும்" என்றார் மச்சான்.

பதினைந்தாவது கை ஆடினார், ஜெயித்தார். மறுபடி கவிழ்த்துக்கொண்டே இருந்தார். கண்ணைப் பாதி மூடியிருப்பார். பாய் இருமுவதையும், மாஸ்டர் விரலால் தாளம் போடுவதையும், போடாமல் நிறுத்துவதையும் கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு கையில் பாய் மளமளவென்று பந்தயம் ஏற்றியபோது எல்லோரும் கவிழ்த்தார்கள், இவர் மட்டும் கூடவே போனார். பாய் கையில் ஒன்றுமில்லை. "எப்படிங்க?" என்றார் பாய். "மூச்சு சத்தம் மாறுச்சு" என்றார் மச்சான். பார்ப்பதற்கு அவ்வளவு சலிப்பான ஆட்டத்தை நான் கண்டதில்லை. முதல் வாரம் நாற்பத்தொன்று. ஆறு மணியானதும் வாடிக்காரரிடம் கணக்கு வைக்கச் சொல்லிச் சொம்பில் போட்டுவிட்டு எழுந்தார். பசிக்கிறது என்றார்.

நடுவில் வீட்டில் நடந்ததுதான் ஆட்டம். "எந்தக் கடைங்க அது? ஒரு சைக்கிளுக்கு மூணு வாரமா? நானே போய் நாக்கப் பிடுங்கிக்கற மாதிரி கேட்டுட்டு வரேன்" என்று மனைவி கிளம்பினாள். மச்சான்தான் தடுத்தார். "வேணாம்மா, நான் பாத்துக்கறேன்." ஒவ்வொரு தடவையும் அவர் குரல் கொஞ்சம் மங்கியது. சக்கரமாக இருந்தால் அவரே ஒதுக்கியிருப்பார். தினமும் வேலைக்கு நடந்தே போனார். நான் சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்தேன்.

இரண்டாவது வாரம் மொத்தம் எழுபத்திரண்டு. மூன்றாவது வாரம் ஐந்தரை மணிக்கு நூறு. கையில் அப்போது போட்ட மூன்று சீட்டு இருந்தது. பார்க்காமலே கவிழ்த்தார்.

"இன்னும் ரெண்டு கை இருங்க சார். இன்னிக்கு உங்களுக்கு ஓடுது" என்றார் வாடிக்காரர்.

"வண்டி வந்துடுச்சில்ல" என்று எழுந்தார்.

லாபம் பார்ப்பது எப்படி என்று கேட்ட நண்பர்களே, நான் அந்த இடத்தில் எழுந்தவனில்லை. எழுந்தவரைப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். அவர் கவிழ்த்த அந்த மூன்று சீட்டையும் நான் திருட்டுத்தனமாகத் திறந்து பார்த்தேன். ஏஸ் ஜோடி.

வெல்வெட் உறையில் சவுக்குத் தூள் படிந்திருந்தது. தட்டிவிட்டார். "பின்னாடி உக்காரு" என்றார். காவேரிப் பாலத்தில் எதிர்க்காற்று. நான் ஒரு ஜோக்கை ஆரம்பித்தேன்.

"பேசாம வா" என்றார்.

வாசலில் மணிச் சத்தம் கேட்டு மனைவி ஓடிவந்தாள். வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். அவள் கண்ணுக்குப் புதிதாக எதுவும் தெரியவில்லை. மச்சானுக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரில் நின்றாள்.

"இத்தனை நாள் வெச்சுக்கிட்டு அப்படி என்னண்ணே பண்ணினாங்க?"

மச்சான் என்னை ஒரு தரம் பார்த்தார்.

"பிரேக்கு போட்டிருக்காங்க" என்றார்.

மனைவி ஒன்றும் புரியாமலே சிரித்தாள். என் அண்ணன் கூட ஜோக் அடிக்கிறாரே என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நல்ல ஜோக் எப்போது வரும் என்று எனக்குத் தெரியும். அவர் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தேன். காப்பி விளிம்பு வரை வந்து வந்து போய்க்கொண்டிருந்தது.